பத்துக்கு ஏழு: ஒரு புராஸ்டேட் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் படிப்பது

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. கேன்சர் இருக்கிறதா என்று பார்க்க அதிலிருந்து ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பதுதான் பயாப்ஸி. அந்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது, அதைப் போட்டோ எடுப்பதுதான். தெரிந்த டாக்டர், தெரிந்த நர்ஸ், மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சான் என்று ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் பறக்கும். நான் மதுரையில், இப்படி எடுத்த சதையைச் சோதிக்கும் ஒரு ஹிஸ்டோபதாலஜி லேபில் டெக்னீஷியன். அதனால் சொந்தத்தில் யாருக்குச் சதை எடுத்து டெஸ்டுக்குக் கொடுத்தாலும் அந்தப் போட்டோ எனக்கும் வந்துவிடும். போன வருடம் வந்தது என் பெரியப்பாவுடையது. பின்னாலேயே அவரே போன் செய்தார்.

"அம்மாடி, பத்துக்கு ஏழுன்னு போட்டிருக்கான். முக்காவாசி முத்திப்போச்சுன்னு அர்த்தமா?"

இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பலர் கேட்காமலே அப்படி நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு வந்த ஏழு, ஐந்து படிகளில் இரண்டாவது படி. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த ஏழு எப்படி உண்டாகிறது, ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே உள்ள வரிகள் என்ன சொல்கின்றன என்பதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது பதாலஜிஸ்ட், அதாவது சதையைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர். ஆனால் அவர் மைக்ராஸ்கோப்புக்குப் போகும் முன் அந்தச் சதை எங்களைப் போன்றவர்கள் கையைத் தாண்டித்தான் போகிறது.

பெரியப்பா டிரான்ஸ்போர்ட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். வயது 71. ராத்திரி சிறுநீர் கழிக்க மூன்று நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருந்ததை, "வயசானா அப்படித்தான்" என்று வெகுநாள் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் யூராலஜி (சிறுநீரகப் பாதை) டாக்டர் எழுதிக்கொடுத்த பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் 7.8 வந்தது. பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். நான்குக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் பிஎஸ்ஏ புராஸ்டேட் சுரப்பியின் அளவுகோல், கேன்சரின் அளவுகோல் அல்ல. சுரப்பி வெறுமனே பருத்தாலும் ஏறும், கிருமித் தொற்று வந்தாலும் ஏறும். அதற்கு நேர்மாறாக, சிறுநீர் அடைப்புக்கு டியூட்டாஸ்டெரைடு கலந்த மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாக இறங்கிக் காட்டும். அவர்களுக்கு 3 என்று வந்தால் அதை 6 போல நினைத்துப் பார்க்க வேண்டும். மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டு வருகிற அப்பாக்கள் நம் ஊரில் நிறைய. தயவுசெய்து சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்தது எம்ஆர்ஐ. பயாப்ஸிக்கு முன்பே இதை எடுத்துவிடுவது நல்லது. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிக்கொண்டால் அதன்பின் சில வாரங்களுக்குப் படம் தெளிவாக இருக்காது. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண் இருக்கும். சந்தேகம் எவ்வளவு என்பதற்கான எண் அது. பெரியப்பாவுக்கு 4, வலது பக்கம் ஓரிடத்தில். சுரப்பியின் அளவு 48 சிசி. 7.8-ஐ 48-ஆல் வகுத்தால் 0.16. இதை பிஎஸ்ஏ அடர்த்தி என்கிறார்கள். 0.15-க்கு மேல் போனால் சந்தேகம் கொஞ்சம் கூடும். ஆக, பயாப்ஸி வேண்டும் என்று டாக்டர் சொன்னதில் நியாயம் இருந்தது.

வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊசி குத்துனா உள்ள இருக்கிறது கலைஞ்சு பரவிரும்" என்றார் பெரியம்மா. இந்த பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டி முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், பயாப்ஸி எடுத்து, கொஞ்ச நாளில் செத்துப்போனவர்களை ஒவ்வொரு தெருவும் பார்த்திருக்கிறது. பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்பு. ஆனால் புராஸ்டேட்டில் ஊசி போன தடத்தில் கேன்சர் ஒட்டிக்கொண்டு வளர்வது மிக மிக அரிது. பயாப்ஸி எடுக்காமல் காலம் கடத்துவதில் இருக்கும் ஆபத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை. பெரியம்மாவிடம் இதை உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். அரைமனதாகச் சரி என்றார்.

ஊசி போட இரண்டு வழி உண்டு. மலக்குடல் வழியாக எடுப்பது பழைய வழி. ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவே உள்ள தோல் வழியாக எடுப்பது இப்போது கூடிவரும் வழி. இரண்டிலும் அல்ட்ராசவுண்ட் கருவியை மலக்குடலுக்குள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். மலக்குடல் வழியில் கிருமி ரத்தத்தில் கலக்கும் ஆபத்து கூடுதல். நம் ஊரில் வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத குடல் கிருமிகள் அதிகம் என்பதால் இது முக்கியம். அந்த வழியில்தான் எடுப்பார்கள் என்றால், முன்னதாக பொவிடோன் அயோடின் எனும் கிருமிநாசினி வைத்து உள்ளே சுத்தம் செய்வார்களா என்று கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை.

பெரியப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் உண்டு, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோகிரெல் சாப்பிடுகிறார். இப்படிப்பட்ட மாத்திரையை யூராலஜி டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்துதான் நிறுத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தினார் என்று நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியிருக்காது.

எடுக்கும்போது எப்படி இருந்தது என்று பெரியப்பாவைப் பிறகு கேட்டேன். மரத்துப்போக ஊசி போட்டதுதான் சுரீர் என்றதாம். அதன்பின் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் விடுபடுகிற சத்தம், "டப்பு டப்புன்னு", அந்தச் சத்தத்துக்குத்தான் உடம்பு தூக்கிப்போட்டது என்றார். மொத்தம் 14 துண்டு. சுரப்பி முழுக்கப் பரவலாகப் பன்னிரண்டு, எம்ஆர்ஐயில் சந்தேகப்பட்ட இடத்திலிருந்து இரண்டு.

அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. சிறுநீரில் சில நாள் ரத்தம் வரும் என்று சொன்னார்கள். விந்தில் வாரக்கணக்கில் ரத்தம் வரலாம், முதலில் சிவப்பாகவும் பிறகு துருப்பிடித்த நிறத்திலும் இருக்கும், அதனால் ஆபத்தில்லை என்று சொல்லவில்லை. எழுபது வயது ஆளுக்கு எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். பெரியப்பா இதை என்னிடமோ தன் மகனிடமோ சொல்லவே இல்லை. பெரியம்மா மூலமாக, ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேன்சர் வெடித்து ரத்தமாக வருகிறது என்று நினைத்து அந்த மனிதர் தனியாகப் பயந்து கிடந்திருக்கிறார். எனக்கு இது இன்னும் ஆறவில்லை. பயாப்ஸி எடுக்கிறவர்களும் கூடப் போகிற பிள்ளைகளும் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு இதை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

காய்ச்சல் விஷயம் வேறு. பயாப்ஸி முடிந்த சில நாட்களில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, தெர்மாமீட்டர் 100.4-ஐத் தாண்டினாலோ, பாரசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, ராத்திரி என்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அப்படியே.

இனி எங்கள் லேப்.

துண்டுகள், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய சின்னச் சின்ன டப்பாக்களில் வரும். ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதியிருக்கும்: வலது பேஸ், வலது மிட், வலது ஏபெக்ஸ், இடதில் அதேபோல. பேஸ் என்பது சிறுநீர்ப்பையை ஒட்டிய மேல்பகுதி, ஏபெக்ஸ் என்பது கீழ்நுனி. ஒவ்வொரு துண்டும் ஒன்றரை சென்டிமீட்டர் போல நீளம், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன். பார்க்க வெளிறிப்போய், தொட்டால் ஒடிகிற மாதிரி இருக்கும். அவற்றை ஆல்கஹாலில் நீர் வற்றவைத்து, சைலீனில் போட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவைப்போம். ராத்திரி முழுக்க மிஷின் ஓடும். காலையில் அந்தத் துண்டை அச்சில் படுக்க வைத்து மேலே மெழுகு ஊற்றுவதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் கவலை தரும் நிமிடம். துண்டு தட்டையாகப் படுக்க வேண்டும். ஒரு முனை தூக்கிக்கொண்டு நின்றால், வெட்டும்போது அந்த முனை மட்டும் முதலில் சீவப்பட்டு வீணாகிவிடும். அதில்தான் கட்டி இருந்தது என்றால்?

பிறகு மைக்ரோடோம் எனும் சீவும் கருவியில் மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவுவோம். ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாகப் பிரித்தால் ஒன்று நான்கு மைக்ரான். ரிப்பனாக வரும் அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவோம். உயிரணுவின் உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

ஆரோக்கியமான புராஸ்டேட்டில் சுரப்பிக் குழல்களைச் சுற்றி இரண்டு அடுக்கு உயிரணுக்கள் இருக்கும். கேன்சரில் வெளி அடுக்கு காணாமல் போய்விடும். ஒரு துண்டில் சந்தேகமான குழல்கள் நாலைந்து மட்டும் இருந்தால், வெறும் நீல, இளஞ்சிவப்புச் சாயத்தில் அடித்துச் சொல்ல முடியாது. அப்போது பதாலஜிஸ்ட் அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னும் சீவல்கள் கேட்டு, ஐஹெச்சி எனும் விசேஷச் சாயம் போடச் சொல்வார். வெளி அடுக்கு இருந்தால் பழுப்பு நிறத்தில் வளையமாகக் காட்டிக்கொடுக்கும். இதற்குக் கூடுதலாகச் சில நாள் ஆகும். "ரிப்போர்ட் லேட்டாகுதுன்னாலே கெட்ட சேதிதான்" என்று லேப் வாசலில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. பல சமயம் கேன்சர் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளத்தான் தாமதமாகிறது.

சரி, அந்த ஏழுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் மினியாபோலிஸ் படைவீரர் மருத்துவமனையில் பதாலஜிஸ்டாக இருந்தவர் டொனால்ட் க்ளீசன். 1966-ல் அவர் ஒரு முறையை வெளியிட்டார். உயிரணு எப்படி இருக்கிறது என்று பெரிதுபடுத்திப் பார்க்காமல், குறைந்த உருப்பெருக்கத்தில் குழல்களின் அமைப்பை மட்டும் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை வகை பிரித்தார். ஒரே கட்டிக்குள் பல வகைகள் கலந்திருப்பதைக் கண்டு, அதிகமாக இருக்கும் வகை ஒன்று, அடுத்ததாக இருப்பது ஒன்று என இரண்டையும் கூட்டினார். அந்தக் கூட்டுத்தொகை நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதோடு பொருந்திப்போனது. இரண்டிலிருந்து பத்து வரை போகும் க்ளீசன் எண் இப்படி வந்தது.

காலம் போகப்போக, ஊசித் துண்டில் ஒன்றாம், இரண்டாம் வகை என்று சொல்வதைப் பதாலஜிஸ்டுகள் கைவிட்டார்கள். இப்போது ஊசி பயாப்ஸியில் கேன்சர் என்றாலே மூன்றாம் வகையில்தான் தொடங்கும். அதனால் மிகக் குறைந்த எண்ணே 3+3=6. ஆறு என்பது தரைத்தளம். ஏழு அதற்கு ஒரு படி மேலே. பத்துக்கு ஏழு என்று பள்ளிக்கூட மார்க் போலப் படித்தால் தப்பாகப் படுவது இதனால்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2014-ல் பதாலஜிஸ்டுகளின் சர்வதேசக் கூட்டத்தில் கிரேட் குரூப் என்று ஐந்து படிகளை ஏற்றுக்கொண்டார்கள். ஆறு என்றால் குரூப் 1. 3+4 என்றால் குரூப் 2. 4+3 என்றால் குரூப் 3. எட்டு, குரூப் 4. ஒன்பதும் பத்தும் குரூப் 5.

3+4, 4+3 இரண்டும் கூட்டினால் ஏழுதான், ஆனால் ஒன்றல்ல. மூன்றாம் வகையில் குழல்கள் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் சொந்த வடிவத்தோடு நிற்கும். நான்காம் வகையில் ஒன்றோடொன்று ஒட்டி, வடிவம் குலைந்து, சில இடங்களில் ஒரே திரளுக்குள் பல ஓட்டைகளாகத் தெரியும். ஐந்தாம் வகையில் குழல் என்பதே இருக்காது, உயிரணுக்கள் தனித்தனியாகவோ கும்பலாகவோ சிதறிக் கிடக்கும். ஆக, முதலில் எழுதிய எண் எது என்று பாருங்கள். அதுதான் அந்தக் கட்டியில் அதிகமாக இருக்கும் வகை.

வெறும் ஆறு மட்டும் உள்ள சுரப்பிகளை முழுதாக அகற்றிச் சோதித்ததில், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தது அநேகமாக இல்லை. இதைக் கேன்சர் என்று அழைக்கத்தான் வேண்டுமா என்று நிபுணர்களே வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பெரியப்பாவின் ரிப்போர்ட்டில் முக்கியமான வரி இது: வலது மிட், வெளிப்புறம்; அசினார் அடினோகார்சினோமா (புராஸ்டேட்டின் வழக்கமான கேன்சர்); க்ளீசன் 3+4=7; கிரேட் குரூப் 2; நான்காம் வகை 10 சதவீதம்; துண்டு நீளம் 14 மி.மீ, கட்டி நீளம் 5 மி.மீ. இப்படிக் கட்டி இருந்த துண்டுகள் மூன்று. மற்ற பதினொன்றிலும் இல்லை. கீழே, கிரிப்ரிஃபார்ம் அமைப்பு காணப்படவில்லை என்று ஒரு வரி. நான்காம் வகையிலேயே அந்த ஓட்டை ஓட்டையான அமைப்பு கொஞ்சம் மோசமானது. அது இல்லை என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. எல்லோரும் எழுத்துப் பெரிதாக இருந்த "கார்சினோமா"வை மட்டும் பார்த்தார்கள். நான்காம் வகை எத்தனை சதவீதம் என்பதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு உறவினரின் ரிப்போர்ட்டில் பெரிநியூரல் இன்வேஷன் இருக்கிறது என்று எழுதியிருந்தது. "நரம்பு வழியா மூளைக்குப் போயிருமா?" என்று அவர் மகள் அழுதாள். சுரப்பிக்கு உள்ளேயே ஓடும் சின்ன நரம்புகளைச் சுற்றிக் கட்டி வளர்ந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார், ஆனால் உடம்பில் வேறிடத்துக்குப் பரவிவிட்டது என்று பொருளில்லை. அதேபோல் "எந்த ஸ்டேஜ்?" என்ற கேள்விக்கும் பயாப்ஸியில் விடை கிடையாது. பயாப்ஸி சொல்வது கட்டியின் குணத்தை. எதுவரை போயிருக்கிறது என்பதை எம்ஆர்ஐயும், தேவைப்பட்டால் எலும்பு ஸ்கேன், பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் போன்றவையும்தான் சொல்லும்.

பயாப்ஸியில் ஒன்றும் இல்லை என்று வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பன்னிரண்டு துண்டையும் சேர்த்தால்கூட 40 சிசி சுரப்பியில் நூற்றில் ஒரு பங்கு வராது. எம்ஆர்ஐயில் பைராட்ஸ் 5 என்று இருந்து பயாப்ஸி சுத்தமாக வந்தால், ஊசி சரியான இடத்தில் விழுந்ததா என்று டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சில சமயம் அதற்கும் நல்ல விளக்கம் கிடைக்கும். காசநோயாலோ, சிறுநீர்ப்பைக் கேன்சருக்கு பிசிஜி மருந்து செலுத்தியதாலோ வரும் ஒருவகை அழற்சி, எம்ஆர்ஐயில் அச்சு அசலாகக் கேன்சர் போலவே தெரியும். ஏஎஸ்ஏபி என்று எழுதியிருந்தால் அது இரண்டுக்கும் நடுவில், முடிவாகச் சொல்ல முடியாத நிலை. அதை "கேன்சர் இல்லை" என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பெரியப்பாவின் மகன் அடுத்த வாரமே ஆபரேஷன் என்று நின்றான். மகனாக அவன் பதறியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நிலையில் உள்ள புராஸ்டேட் கேன்சர் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் கைமீறிப் போகிற நோய் அல்ல. யோசிக்க அவகாசம் உண்டு. பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை 1,643 பேரைச் சேர்த்து, ஆபரேஷன், ரேடியேஷன், கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். புரொடெக்ட் ஆய்வு என்று பெயர். பதினைந்து வருட முடிவு 2023-ல் வெளிவந்தது. மூன்று பிரிவிலும் இந்தக் கேன்சரால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். கண்காணிப்பில் இருந்தவர்களில் உடம்பின் வேறிடங்களுக்குப் பரவியது 9.4 சதவீதம், ஆபரேஷன் செய்தவர்களில் 4.7 சதவீதம். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னால் ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், பிஎஸ்ஏ பரிசோதனையில் சீக்கிரமே தெரியவந்தவர்கள். நம் ஊரில் இடுப்பு வலி வந்தபின், எலும்புக்குப் பரவியபின் வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பெரியப்பா மாதிரி முன்கூட்டித் தெரிந்தவர்களுக்கு, மூச்சு விட்டு முடிவெடுக்கலாம் என்கிற அளவுக்கு இது தைரியம் தரும்.

நான் அவர்களிடம் வற்புறுத்தியது ஒன்றைத்தான்: எதையும் வெட்டுவதற்கு முன் ப்ளாக்கையும் (சதை பதிந்த மெழுகுக் கட்டி) ஸ்லைடையும் வாங்கி வேறொரு பதாலஜிஸ்டிடம் காட்டுங்கள். மூன்றாம் வகையா நான்காம் வகையா என்பது கண்ணால் பார்த்துச் சொல்வது. நல்ல பதாலஜிஸ்டுகள் இருவருக்குள்ளேயே கருத்து மாறும். மெழுகுக் கட்டியை லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சிஎம்சி, மும்பை டாடா மெமோரியல் என்று ஜனங்கள் ப்ளாக்கை எடுத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். எங்களுக்கு அதில் எந்த வருத்தமும் கிடையாது. ரிப்போர்ட் தாளை மட்டும் காட்டினால் போதாது, சதையைப் பார்த்தால்தான் இரண்டாம் கருத்து. ப்ளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

இரண்டாவது முறை பார்த்ததிலும் 3+4தான் வந்தது, நான்காம் வகை பத்து சதவீதத்துக்குள். ரேடியேஷன், ஆபரேஷன், கண்காணிப்பு மூன்றையும் டாக்டர் விவரமாகச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் கசிவு எவ்வளவு காலம் இருக்கலாம், ஸ்டென்ட் உள்ளவருக்கு மயக்க மருந்தில் என்ன சிரமம், ரேடியேஷனால் குடலுக்கு என்ன ஆகலாம் என்று பெரியப்பா தானே கேட்டார். கேள்விகளை டிக்கெட் கட்டு அளவுள்ள ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தார்.

கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிஎஸ்ஏ, ஒரு வருடம் கழித்து எம்ஆர்ஐயும் மறுபடி பயாப்ஸியும். "அப்ப சும்மா விட்டுட்டீங்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, தேதி போட்ட அட்டவணையை எடுத்துக் காட்டுகிறார். முதல் ஆறு மாத பிஎஸ்ஏ 7.5 வந்திருக்கிறது. அடுத்த பயாப்ஸி தை பிறந்ததும். அதில் நான்காம் வகை கூடியிருந்தால் ரேடியேஷன் என்று இப்போதே டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறோம்.